கைதவறி வெடித்த துப்பாக்கி: ஆம்புலன்ஸ் வரும் வரை எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது

முதலுதவிப் பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தனித்தனியாக எல்லாம் தெரிந்திருக்கும். காயத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும், ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்பார்கள். ஆனால் போலி ரத்தத்தை ஓடவிட்டு "தொடங்குங்கள்" என்றதும் வரிசை குழம்பிவிடும். ஒருவர் தலைக்கு வைக்கத் தலையணை தேடுவார். ஒருவர் தண்ணீர் எடுக்க ஓடுவார். இன்னொருவர் காயத்தைக் கழுவ ஆரம்பித்திருப்பார். அதற்குள் இரண்டு நிமிடம் போயிருக்கும்.

தொடையின் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும். அதனால் இந்த வழிகாட்டியில் நான் அதிகம் பேசப்போவது வரிசையைப் பற்றித்தான். துடைக்கும்போது வெடிப்பது, வேட்டையில் வேலியைத் தாண்டும்போது வெடிப்பது, குழந்தை கையில் கிடைத்து வெடிப்பது போன்ற விபத்துகளை மனதில் வைத்து எழுதுகிறேன். படித்ததோடு நிறுத்திவிடாமல் ஒருமுறையாவது நேரடிப் பயிற்சிக்குப் போய்க் கையால் செய்து பாருங்கள்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

வீட்டிலோ வண்டியிலோ துப்பாக்கி இருந்தால், அதன் பக்கத்திலேயே ஒரு ரத்தப்போக்குப் பையும் இருக்க வேண்டும். தலைவலி மாத்திரையும் சின்ன பிளாஸ்டரும் உள்ள சாதாரண முதலுதவிப் பெட்டி இதற்கு உதவாது.

பையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. முறுக்குக்கோல் வைத்த டூர்னிக்கெட் இரண்டு (கையையோ காலையோ இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டை), நீளமான காஸ் துணிச் சுருள்கள், ரத்தம் உறைய உதவும் மருந்து தோய்த்த காஸ் கிடைத்தால் அது, மார்புக் காயத்துக்கான காற்றுவழி உள்ள ஒட்டுப்பட்டை, முனை மழுங்கிய கத்தரிக்கோல், கையுறை, மெல்லிய வெப்பப் போர்வை, அழியாத மை பேனா.

ஏன் இரண்டு டூர்னிக்கெட்? பருமனான தொடையில் ஒன்று போதாமல் போவது அடிக்கடி நடக்கும். வாங்கியதும் உறையைப் பிரித்து ஒன்றை உங்கள் தொடையிலேயே கட்டிப் பாருங்கள். மிக மலிவான போலிகளில் முறுக்குக்கோல் வளைந்துவிடும், சிலவற்றில் ஒடிந்தே போகும். அது தெரியவரும் நேரம் விபத்து நேரமாக இருக்கக் கூடாது. பயிற்சிக்குப் பயன்படுத்தியதைப் பையில் திரும்ப வைக்காதீர்கள். அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. வெளியே தெரியும் துளையை நம்பாதீர்கள்

புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். சட்டையில் ஒரு சின்ன ஓட்டை, தோலில் விரல்நுனி அளவு துளை, சொட்டுச் சொட்டாக ரத்தம். "பெரிசா ஒண்ணுமில்லை" என்று பெருமூச்சு விடுவார்கள். தோட்டா செய்த வேலை உள்ளே இருக்கிறது.

தோட்டா தான் போகும் பாதையில் இருக்கும் சதையை நசுக்கிக் கிழித்து ஒரு நிரந்தரக் குழியை உண்டாக்குகிறது. அதே கணத்தில் சுற்றியுள்ள சதையைப் பக்கவாட்டில் தள்ளி, சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகளுக்கு ஒரு தற்காலிகக் குழியையும் உண்டாக்குகிறது. நுரையீரல், தசை, தோல் ஆகியவை ரப்பர் போல நீண்டு பழைய இடத்துக்குத் திரும்பக்கூடியவை. அதனால் இந்த இழுப்பை ஓரளவு தாங்கும். கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், மூளை அப்படி நீளாதவை. அவை வெடித்துப் பிளக்கும்.

வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். கைத்துப்பாக்கித் தோட்டா பெரும்பாலும் நொடிக்கு 250 முதல் 450 மீட்டர் வேகத்தில் போகும். ரைபிள் தோட்டாவோ 700 முதல் 1000 மீட்டர் வரை போகும். ரைபிள் காயத்தில் பாதையிலிருந்து தள்ளியிருக்கும் உறுப்பும் சிதையக் காரணம் இதுதான். எலும்பில் பட்டால் இன்னொரு ஆபத்து சேர்கிறது: எலும்புத் துண்டுகளே சின்னச் சின்னத் தோட்டாக்களாகப் பறந்து பக்கத்து ரத்தக்குழாயையும் நரம்பையும் வெட்டும்.

தோட்டா நேர்கோட்டில்தான் போகும் என்றும் நினைக்காதீர்கள். உள்ளே அது புரளலாம், உடையலாம், எலும்பில் மோதித் திசை மாறலாம். தோளில் நுழைந்தது நுரையீரலில் நிற்கும். இடுப்பில் நுழைந்தது வயிற்றுக்குள் போயிருக்கும்.

ஷாட்கன் (ஒரே வெடியில் பல சிறுகுண்டுகளை வீசும் துப்பாக்கி) வேறு மாதிரி. மிக அருகில் வெடித்தால் எல்லாச் சிறுகுண்டுகளும் ஒரே கட்டியாக நுழைந்து பெரிய குழியைப் பறித்துவிடும். தோட்டாவின் உள்ளே இருந்த அடைப்பானும் சட்டைத் துணியும்கூடக் கூடவே போய்விடும். தூரம் கூடக் கூடக் குண்டுகள் பரவும். அப்போது ஒவ்வொன்றும் தனிக் காயம்.

ஏர்கன் பொம்மை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதன் குண்டு கண்ணைத் துளைக்கும். குழந்தையின் மெல்லிய மார்பையும் மண்டை எலும்பையும் துளைத்து உயிரைப் பறித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தோட்டா முனை இல்லாத வெற்றுத் தோட்டாவும் உடலை ஒட்டி வைத்து வெடித்தால், அதன் வாயு அழுத்தமே உயிரை எடுத்துவிடும்.

3. முதல் வேலை: துப்பாக்கி

சத்தம் கேட்டதும் காயம்பட்டவரிடம் ஓடத்தான் கால் நினைக்கும். ஒரு நொடி நில்லுங்கள். துப்பாக்கி எங்கே, யார் கையில், குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது? இரண்டாவது தோட்டா வெடித்தால் உதவி செய்ய யாரும் மிஞ்சமாட்டார்கள்.

சுட்டவர் இன்னும் கையில் பிடித்துக்கொண்டு உறைந்து நின்றால், கத்தாமல் தெளிவாகச் சொல்லுங்கள்: "விரலை வெளியே எடு. கீழே வை. தள்ளி வா." பிடுங்கப் போகாதீர்கள். இழுபறியில் விசை அழுந்தும். கீழே கிடக்கும் துப்பாக்கியைக் கையாளத் தெரியாதவர் அதைத் தொட வேண்டாம். காயம்பட்டவரை இழுக்க முடிந்தால் அவரை நகர்த்துங்கள். முடியாவிட்டால் துப்பாக்கிப் பக்கம் யாரும் போகாதபடி ஒருவரை நிறுத்துங்கள்.

4. இரண்டாவது: அழைப்பு

ஒருவரைப் பார்த்து, பெயர் சொல்லி, "நீ அவசர எண்ணுக்குப் போன் பண்ணு, துப்பாக்கிக் காயம் என்று சொல்லு" என்று ஒப்படையுங்கள். "யாராவது கூப்பிடுங்கள்" என்றால் எல்லோரும் மற்றவர் கூப்பிடுவார் என்று நிற்பார்கள். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையைக் காயத்துக்குக் கொடுங்கள்.

சொல்ல வேண்டியது நான்கே விஷயம். இடம், எத்தனை பேருக்குக் காயம், உடம்பில் எங்கே, துப்பாக்கி இப்போது பாதுகாப்பாக இருக்கிறதா. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ் குழு தூரத்திலேயே காத்து நிற்க நேரும்.

5. மூன்றாவது: எல்லாத் துளைகளையும் தேடுங்கள்

கண்ணுக்குத் தெரிந்த முதல் காயத்தில் மூழ்கிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. ரத்தம் பீச்சி அடிக்கிறதென்றால் முதலில் அதைப் பிடியுங்கள், சந்தேகமே இல்லை. பீச்சி அடிக்கவில்லை என்றாலோ, இன்னொரு ஆள் இருந்தாலோ, உடையை வெட்டி முழு உடம்பையும் பாருங்கள். அக்குள், முதுகு, பிட்டம், தொடை இடுக்கு, தலைமுடிக்குள் என எதையும் விடாதீர்கள். இருட்டாக இருந்தால் கையுறை போட்ட கையால் தடவி, கையைப் பார்த்து, மறுபடி தடவுங்கள். கையில் ஒட்டும் ரத்தம் இடத்தைக் காட்டிக் கொடுக்கும்.

வெட்டும்போது சட்டையில் உள்ள ஓட்டை வழியாக வெட்டாதீர்கள். அந்த ஓட்டை பிறகு விசாரணைக்குத் தேவைப்படும். கழற்றிய துணியை மடித்துக் காகிதப் பையில் போட்டு வையுங்கள்.

எது நுழைந்த துளை, எது வெளியேறிய துளை என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். பெரியது வெளியேறியது, சின்னது நுழைந்தது என்ற கணக்கு பல நேரம் பொய்க்கும். எத்தனை துளை, எங்கெங்கே என்று மட்டும் நினைவில் வையுங்கள்.

6. ரத்தத்தை நிறுத்துவது

எழுபது கிலோ எடையுள்ளவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் ஒன்றரை லிட்டர் போகும் வரை, வயதில் இளையவர்களின் உடல் ரத்த அழுத்தத்தை எப்படியாவது தாங்கிப் பிடித்து வைக்கும். நாடி வேகமாகும், தோல் வெளுத்துக் குளிர்ந்து வியர்க்கும், ஆள் அமைதியில்லாமல் தவிப்பார், ஆனால் பேசுவார். "எனக்கு ஒண்ணும் ஆகலை" என்றுகூடச் சொல்வார். இரண்டு லிட்டரை நெருங்கும்போது எல்லாம் ஒரேயடியாகச் சரியும். இருபது கிலோக் குழந்தைக்கு மொத்தமே ஒன்றரை லிட்டர்தான். அங்கே ஒரு பெரிய டம்ளர் அளவு போனாலே ஆபத்து தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அ. கை, கால் என்றால் டூர்னிக்கெட்

ரத்தம் பீச்சினாலோ, தரையில் தேங்கினாலோ, துணியை மீறி வழிந்தாலோ யோசிக்காமல் கட்டுங்கள். காயத்துக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் மேலே, அதாவது உடலை நோக்கிய பக்கம் கட்ட வேண்டும். முழங்கால், முழங்கை மூட்டின் மீதே கட்டினால் எலும்பு குறுக்கே நின்று ரத்தக்குழாயை அழுந்தவிடாது. காயம் எங்கே என்று தெரியவில்லையா, எவ்வளவு மேலே கட்ட முடியுமோ அவ்வளவு மேலே கட்டுங்கள். கட்டும் இடத்தில் உடையின் பைக்குள் சாவி, போன் ஏதாவது இருந்தால் முதலில் வெளியே எடுங்கள்.

பயிற்சியில் பத்துக்கு ஏழு பேர் தோற்கும் இடம் ஒன்று உண்டு. பட்டையைத் தளர்வாக மாட்டிவிட்டு உடனே கோலைத் திருக ஆரம்பிப்பார்கள். நான்கு சுற்று, ஐந்து சுற்று, கோல் திரும்பிக்கொண்டே இருக்கும். பட்டை கயிறு மாதிரி சுருண்டு கொழுக்கட்டையாகிவிடும், கால் மட்டும் இறுகாது. முதலில் பட்டையின் நுனியைப் பிடித்து, மூன்று விரல்கூட உள்ளே நுழைய முடியாத அளவுக்கு முழுப் பலத்தோடு இழுத்து ஒட்டுங்கள். அப்புறம் கோலைத் திருகினால் இரண்டு மூன்று சுற்றிலேயே ரத்தம் நிற்கும்.

நிற்கும் வரை திருகுங்கள். காயம்பட்டவர் வலியில் கதறுவார், "அவிழுங்கள்" என்று கெஞ்சுவார். அந்த இடத்தில் மனம் இளகித் தளர்த்தினால் நிலைமை முன்பைவிட மோசமாகும். பாதி இறுக்கினால் உள்ளே போகும் தமனி ரத்தம் நிற்காது, திரும்பி வரும் சிரை ரத்தம் மட்டும் தடைபட்டு ரத்தப்போக்கு கூடும். "வலிக்கும் என்று எனக்குத் தெரியும், இதுதான் உன்னைக் காப்பாற்றும்" என்று சொல்லிக்கொண்டே திருகுங்கள்.

நின்ற பிறகு கோலைப் பூட்டி, நேரத்தை நெற்றியிலோ பட்டையிலோ எழுதுங்கள். இன்னும் கசிந்தால் முதலாவதை அவிழ்க்காமல் அதற்கு மேலே இரண்டாவதைக் கட்டுங்கள். "கால் போய்விடுமே" என்ற பயம் எல்லோருக்கும் வரும். இரண்டு மணி நேரம் வரை கட்டியிருந்தாலும் அதனால் நிரந்தரப் பாதிப்பு வருவது அரிது. இடையில் தளர்த்தி ரத்தம் விடும் பழைய பழக்கத்தைக் கைவிடுங்கள். மருத்துவர்தான் அவிழ்க்க வேண்டும்.

இடுப்பு பெல்ட் டூர்னிக்கெட் ஆகாது. அது விறைப்பானது, முறுக்க வராது. வேறு வழியே இல்லையென்றால் நான்கு ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள துணியும் உறுதியான ஒரு கோலும் வேண்டும். மெல்லிய கயிறும் ஒயரும் சதையை வெட்டிவிடும்.

ஆ. தொடை இடுக்கு, அக்குள், தோள், கழுத்தடி என்றால் திணித்து அடைத்தல்

இங்கே டூர்னிக்கெட் கட்ட இடமில்லை. காயத்துக்குள் காஸ் துணியைத் திணிக்க வேண்டும். காஸ் இல்லாவிட்டால் சுத்தமான பருத்தித் துணி போதும். சுத்தமானது கிடைக்காவிட்டால் கிடைத்ததை வைத்துத் திணியுங்கள். கிருமித் தொற்றை நாளைக்கு மருந்தால் சமாளிக்கலாம்.

பயிற்சிக்கு நாங்கள் துளை போட்ட தடித்த ஸ்பாஞ்சுக் கட்டியைப் பயன்படுத்துவோம். துளையின் அடியில் ஒரு மெல்லிய குழாய் வழியாகச் சிவப்புத் தண்ணீர் வரும். முதல்முறை செய்பவர் காஸைக் கொத்தாகச் சுருட்டித் துளையின் வாயில் மூடிபோல வைத்து அழுத்துவார். மேலே காய்ந்திருக்கும். ஸ்பாஞ்சைத் தூக்கிப் பார்த்தால் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். உடம்பிலும் இதேதான் நடக்கும்.

சரியான முறை இது. ஒரு விரலை உள்ளே விட்டு ரத்தம் எங்கிருந்து வெதுவெதுப்பாகப் பீச்சுகிறதோ அந்த இடத்தைத் தேடுங்கள். காஸின் நுனியை அங்கே கொண்டுபோய் எலும்பை நோக்கி அழுத்துங்கள். ஒரு விரல் அழுத்திக்கொண்டிருக்க, மறு கை விரல் அடுத்த மடிப்பைத் தள்ள வேண்டும். விரல்கள் மாறி மாறி வேலை செய்யும், ஆனால் அழுத்தம் ஒரு நொடியும் விடக் கூடாது. இனி ஒரு மடிப்பும் நுழையாது என்கிற வரை திணித்துவிட்டு, மீதியை மேலே குவித்து, இரண்டு கைகளையும் வைத்து, முழங்கையை நீட்டி, உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள்.

மருந்து தோய்த்த காஸ் என்றால் குறைந்தது 3 நிமிடம். சாதாரணத் துணி என்றால் குறைந்தது 10 நிமிடம். முடிந்தால் உதவி வரும் வரை. கடிகாரத்தைப் பாருங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் ஒரு நிமிடம் ஐந்து நிமிடம் போலத் தோன்றும். "நின்றுவிட்டதா" என்று எடுத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எடுத்தால் அப்போதுதான் உருவாகிய உறைகட்டி பிய்ந்து, வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். துணி நனைந்து மேலே வந்தால், அழுத்தம் சரியான இடத்தில் விழவில்லை என்று பொருள். மேலே மேலே துணி அடுக்கிக்கொண்டே போகாமல் ஒருமுறை பிரித்துச் சரியான இடத்தில் ஆழமாகத் திணியுங்கள்.

இ. மார்பு, வயிறு என்றால் திணிக்கவே கூடாது

உள்ளே அழுத்திப் பிடிக்க எலும்புத் தளம் கிடையாது. துணி வெறுமனே குழிக்குள் மறையும். மார்புக்குள் ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு லிட்டருக்கு மேல் ரத்தம் வெளியே தெரியாமல் தேங்கும். இவர்களைக் காப்பாற்றுவது அறுவை அரங்கம் ஒன்றுதான். அங்கே விரைவாகக் கொண்டு சேர்ப்பதே உங்கள் சிகிச்சை.

7. மார்புக் காயம்

கழுத்தடியிலிருந்து தொப்புள் உயரம் வரை, முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ எங்கே துளை இருந்தாலும் நுரையீரல் பாதித்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு இழுக்கும்போது துளையில் உறிஞ்சும் சத்தமோ நுரையோ வந்தால் சந்தேகமே இல்லை.

காற்றுவழி உள்ள மார்பு ஒட்டுப்பட்டை இருந்தால், ரத்தத்தைத் துடைத்து, மூச்சு வெளியே விடும்போது ஒட்டுங்கள். இல்லாவிட்டால் துளையைத் திறந்தே விடலாம், அல்லது காய்ந்த துணியை லேசாக மேலே வைக்கலாம். பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி அடைக்கும் பழைய பாடத்தை இன்னும் பலர் சொல்லித் தருகிறார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. நுரையீரலில் இருந்து கசியும் காற்று வெளியேற வழியில்லாமல் மார்புக்குள்ளே சேர்ந்து, நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கிவிடும்.

ஒட்டிய பிறகு மூச்சுத்திணறல் கூடினால், கழுத்துச் சிரைகள் புடைத்தால், உதடு நீலம் பாரித்தால், உடனே பட்டையின் ஓரத்தைத் தூக்கிக் காற்றை வெளியே விடுங்கள். நினைவோடு இருப்பவரை வற்புறுத்திப் படுக்க வைக்காதீர்கள். உட்கார்ந்தால் மூச்சு விட எளிதாக இருக்கிறதென்றால் உட்காரட்டும்.

8. வயிற்றுக் காயம்

குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியை நல்ல தண்ணீரில் நனைத்து மேலே போர்த்தி, அது காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்காலை மடக்கி வைத்தால் வயிற்றுத் தசை தளர்ந்து வலி குறையும்.

தண்ணீர் கேட்பார். ரத்தம் இழந்தவருக்குத் தாகம் கொடுமையாக இருக்கும், பார்க்கவே கஷ்டமாக இருக்கும். உதட்டை மட்டும் நனைத்துவிடுங்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகக் கூடாது என்பதுதான் காரணம். எந்த இடத்துக் காயமானாலும் இந்த விதி பொருந்தும்.

9. தலை, முகம், கழுத்து

தாடையிலோ வாயிலோ பட்டவரை மல்லாக்கப் படுக்க வைத்தால் அவருடைய ரத்தமே அவர் மூச்சை அடைத்துவிடும். முன்னால் குனிந்து உட்காரட்டும், ரத்தமும் உடைந்த பல்லும் வெளியே விழட்டும். மயங்கியிருந்தால் பக்கவாட்டில் திருப்புங்கள்.

தலைத்தோலில் ரத்தம் கொட்டினால் அழுத்தலாம். மண்டை எலும்பு உடைந்திருப்பது தெரிந்தால் அந்த இடத்தில் அழுத்தாமல் துணியை லேசாகச் சுற்றுங்கள். காது, மூக்கு வழியாக வரும் ரத்தத்தை அடைக்காதீர்கள். கண்ணில் குண்டு பட்டிருந்தால் துடைக்கவோ அழுத்தவோ கூடாது. காகிதக் கோப்பை போன்ற ஒன்றைக் கண்ணைத் தொடாமல் கவிழ்த்து ஒட்டிவிடுங்கள்.

கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் அழுத்துங்கள். கழுத்தைச் சுற்றிக் கட்டுப் போடக் கூடாது. "முதுகெலும்பு அடிபட்டிருக்குமோ" என்று தலையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து ரத்தத்தை விட்டுவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். துளைத்த காயத்தில் முதலில் ரத்தம், அப்புறம்தான் மற்றது.

10. மூச்சு நின்றால்

ரத்தத்தை அடைத்த பிறகுதான் மார்பு அழுத்தம். கசியும் குழாயை வைத்துக்கொண்டு பம்பை ஓட்டிப் பயனில்லை. உதவிக்கு ஆள் இருந்தால் ஒருவர் காயத்தை அடைக்கட்டும், ஒருவர் மார்பை அழுத்தட்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். செயற்கை மூச்சு தெரிந்தவர் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுக்கலாம்.

11. சூட்டைக் காப்பாற்றுங்கள்

இந்தப் படியைக் கிட்டத்தட்ட எல்லோருமே மறக்கிறார்கள். ரத்தம் இழந்த உடல் வெயில் காலத்தில்கூட வேகமாகக் குளிரும். குளிர்ந்த ரத்தம் சரியாக உறையாது. உறையாததால் இன்னும் கசியும், கசிவதால் இன்னும் குளிரும். ஆக்சிஜன் போதாமல் ரத்தத்தில் அமிலம் சேரும், அதுவும் உறைதலைக் கெடுக்கும். விபத்துச் சிகிச்சை மருத்துவர்கள் மிகவும் அஞ்சும் கூட்டணி இது.

நனைந்த உடையை எடுத்துவிடுங்கள். உடம்புக்கு அடியிலும் ஒரு போர்வை வேண்டும், ஏனென்றால் தரைதான் அதிகச் சூட்டை உறிஞ்சும். மேலே போர்த்தும்போது டூர்னிக்கெட்டும் காயமும் கண்ணில் படும்படி விட்டு, சில நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

12. நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுகள்

தோட்டாவை எடுக்க முயலாதீர்கள். அது ஒரு ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டு நிற்கலாம். மருத்துவர்களே பல தோட்டாக்களை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். தோண்டி எடுப்பதில்தான் சேதம் அதிகம்.

"தோட்டா சூடாகப் போவதால் கிருமி செத்துவிடும்" என்பது வெறும் நம்பிக்கை. சட்டை நூலும் தோல் அழுக்கும் காயத்தின் ஆழம் வரை போகின்றன. சின்னக் காயமானாலும் டெட்டனஸ் ஊசியும் மருத்துவர் பார்வையும் வேண்டும்.

மஞ்சள், காப்பித்தூள், மண் எதையும் தூவாதீர்கள். காயத்துக்குள் மதுவோ கிருமிநாசினியோ ஊற்றாதீர்கள். வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், அது ரத்தம் உறைவதைத் தடுக்கும்.

13. ஒப்படைக்கும்போது சொல்ல வேண்டியவை

ஆம்புலன்ஸ் வந்ததும் கூட்டமாகப் பேசாமல் ஒருவர் மட்டும் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு வெடித்தது, என்ன வகைத் துப்பாக்கி, எவ்வளவு தூரத்தில், எத்தனை துளை, டூர்னிக்கெட் கட்டிய நேரம், ரத்தம் உறையாமல் இருக்க அவர் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா.

வெடித்த நேரத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து, ரத்த உறைகட்டி கரையாமல் காப்பது. 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட காயம்பட்டவர்களிடம் நடத்தி 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு, இந்த மருந்து உயிரிழப்பைக் குறைப்பதைக் காட்டியது. ஆனால் காயம்பட்டு 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன். தாண்டினால் கெடுதலாகவும் முடியலாம். உங்கள் ஒரு வரித் தகவலை வைத்துத்தான் அவர்கள் முடிவு செய்வார்கள்.

பயத்தில் "கம்பி குத்தியது" என்று மாற்றிச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கம்பிக் காயம் என்று நினைத்தால் மருத்துவர் தேடும் இடமே வேறாகிவிடும்.

14. வீடு திரும்பிய பிறகு

கை காலில் பட்டவருக்கு முதல் ஒன்றிரண்டு நாட்களில் வலி மருந்துக்கும் அடங்காமல் கூடினால், தசை கல் மாதிரி விறைத்தால், விரலை நீட்டினாலே உயிர் போகும் வலி என்றால், உடனே மருத்துவமனைக்குத் திரும்புங்கள். தசை உறைக்குள் அழுத்தம் ஏறுவதன் அடையாளம் அது. சில மணி நேரம் தாமதித்தால் தசை செத்துவிடும். காய்ச்சல், சீழ், கெட்ட வாடை வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

உள்ளேயே தங்கிய தோட்டா எந்த இடத்தில் இருக்கிறது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுக்குள் தங்கிய ஈயம் மூட்டு நீரில் கரைந்து, பல ஆண்டுகள் கழித்துக்கூட உடம்பில் விஷமாகச் சேரலாம். எம்ஆர்ஐ எடுக்கும் முன்பும் இதைச் சொல்ல வேண்டும்.

15. சுட்டவரைத் தனியாக விடாதீர்கள்

கைதவறிச் சுட்டவர் பெரும்பாலும் அண்ணனோ நண்பனோ அப்பாவோதான். எல்லோரும் காயம்பட்டவரோடு ஓடிவிட, இவர் அதே அறையில், அதே துப்பாக்கிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார். அந்த இடத்திலிருந்து அவரை வெளியே அழைத்து வந்து, ஒருவர் கூடவே இருங்கள். கேள்வி கேட்காதீர்கள், திட்டாதீர்கள். குழந்தை சுட்டிருந்தால் இது இன்னும் பல மடங்கு அவசியம்.

16. துப்பாக்கியைக் காலி செய்யும் வரிசை

கடைசியாக இதை வைப்பதற்குக் காரணம், விபத்தைப் பற்றி முழுதாகப் படித்த பிறகுதான் இந்தச் சின்ன வரிசையின் கனம் புரியும். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, விரலை விசைக்கு வெளியே வைத்து, முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய கூடு) கழற்றுங்கள். பிறகு சறுக்கியை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் உலோகப் பகுதி) பின்னால் இழுத்து, அறையில் (சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் இடம்) இருக்கும் தோட்டாவை வெளியேற்றுங்கள். சறுக்கியை இழுத்த நிலையிலேயே நிறுத்தி, அறைக்குள் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள்.

இந்த இரண்டையும் மாற்றிச் செய்தால், அதாவது முதலில் சறுக்கியை இழுத்துவிட்டு அப்புறம் மேகசினைக் கழற்றினால், பழைய தோட்டா வெளியே விழுந்த அதே இழுப்பில் மேகசினில் இருந்து புதிய தோட்டா அறைக்குள் ஏறிவிடும். மேகசின் கையில் இருக்கும், ஒரு தோட்டா தரையில் கிடக்கும், எல்லாம் காலி என்று மனம் சொல்லும். துடைப்பதற்கு முன் "காலிதானே" என்று விசையை அழுத்திப் பார்க்கும் கை அப்படித்தான் சுட்டுவிடுகிறது.

விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் உடனே திறக்காதீர்கள். குழலை அதே பாதுகாப்பான திசையில் வைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள், தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. காலி செய்த துப்பாக்கியைப் பூட்டி வையுங்கள், தோட்டாக்களை வேறு இடத்தில் வேறு பூட்டில் வையுங்கள். வேட்டையில் வேலி தாண்டுவதற்கு முன்பும், வண்டியில் ஏறுவதற்கு முன்பும் இதே வரிசையைத் திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் அரை நிமிடம்கூட ஆகாது.